சாளை அக்கா கட்டிய கொண்டை

நாகர்கோவிலில் முடி வெட்டப் போய், வயிறு முட்டத் தின்றுவிட்டு ஏப்பத்தோடு திரும்பிய பெண்கள் உண்டென்றால், அவர்கள் அத்தனை பேரும் சாளை அக்காவின் கடைக்குப் போனவர்கள்தான். வெறும் வயிற்றோடு வந்த ஒரு தலையிலும் அவர் கத்தரியை வைத்ததில்லை. கலெக்டரே வந்தாலும் சரி, கலெக்டரைப் பெற்ற அம்மா வந்தாலும் சரி, "காலையில என்ன தின்னே?" என்ற கேள்விக்குப் பதில் சொன்ன பிறகுதான் நாற்காலியில் உட்கார முடியும்.

கடைக்கு வெளியே பலகையில் ஒரு புனிதையின் பெயரும், அதன் கீழே 'பியூட்டி பார்லர், பெண்களுக்கு மட்டும்' என்றும் எழுதியிருந்தது. அந்தப் பெயரைச் சொல்லி யாரும் வழி கேட்டதில்லை. ஆட்டோக்காரர் முதல் தபால்காரர் வரை எல்லாருக்கும் அது சாளை அக்கா கடை. அக்காவின் சொந்தப் பெயர் கேஸ் சிலிண்டர் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

நான் அப்போது ஓர் இன்சூரன்ஸ் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஊர் குலசேகரம். தினமும் பஸ்ஸில் போய்வர முடியாது என்று பெண்கள் விடுதி ஒன்றில் தங்கியிருந்தேன். அந்த வருடம் என் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. குளியலறை ஓடை மாதம் இரண்டு தடவை அடைத்துக்கொண்டது. 'நீள முடி உள்ளவர்கள் பொறுப்போடு நடந்துகொள்ளவும்' என்று வார்டன் ஒரு காகிதம் ஒட்டினார். விடுதியில் நீள முடி எனக்கு மட்டும்தான் இருந்தது, அதுவும் பாதிக்கு மேல் ஓடையில்தான் கிடந்தது.

நானும் விடவில்லை. கருஞ்சீரக எண்ணெய், வெங்காய எண்ணெய், யாரோ யூடியூபில் காய்ச்சிக் காட்டிய பதினோரு இலை எண்ணெய் என்று எல்லாவற்றையும் தேய்த்தேன். ஒருநாள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் மூக்கை உறிஞ்சிவிட்டு, "மேடம், மத்தியானத்துக்கு உள்ளித்தீயலா?" என்று வெங்காயக் குழம்பு நினைப்பில் ஆசையாகக் கேட்டார். அன்று மாலைதான் அவமானம் தாங்காமல் சாளை அக்கா கடையின் மாடிப்படி ஏறினேன்.

"காலையில என்ன தின்னே?"

"இட்லி."

"எத்தனை?"

"நாலு."

அக்கா என் தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கினார். இரண்டு கை விரல்களாலும் பிடித்துப் பைய இழுத்தார். பட்டென்று அறுந்தது.

"நாலு இட்லி தின்ன தலையில உள்ள முடி இப்படியா அறும்? கள்ளம் பறையாதட்டி. சாயாவும் ரஸ்க்கும்லா?"

எனக்கு வியர்த்துவிட்டது. ஆறு மாதமாக என் காலைச் சாப்பாடு சாயாவும் ரஸ்க்கும்தான். மத்தியானம் பப்ஸ். ராத்திரி விடுதிச் சாம்பாரோடு சண்டை. ஒரு முடியை வைத்து இத்தனையையும் கண்டுபிடித்த ஆளை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. அந்த முடிச் சோதனையை எந்த டாக்டர் ஒத்துக்கொள்வார் என்று தெரியாது. ஆனால் அதற்குப் பயந்து எல்லாரும் உண்மையைக் கக்கிவிடுவார்கள், அதுதான் விஷயம்.

தலை கழுவும் தொட்டிக்குப் பக்கத்திலேயே ஒற்றை அடுப்பு ஒன்று உண்டு. அதன் மேல் எந்த நேரமும் ஏதாவது வெந்துகொண்டிருக்கும். சிறுபயறு, புட்டு, அவித்த முட்டை, ஒரு மண்சட்டியில் சாளைக் கறி, அதாவது மத்தி மீன் குழம்பு. ஷாம்பு வாசனையும் மீன் கறி வாசனையும் சேர்ந்து அடிக்கும் இடம் உலகத்தில் அது ஒன்றுதான். கழுத்து வரை துணி போர்த்தி உட்கார்ந்திருக்கும் பெண்கள், துணிக்குள்ளிருந்து ஒரு கையை மட்டும் வெளியே நீட்டி முள் எடுத்துத் தின்பார்கள். நானும் தின்றேன். வெட்கமே இல்லாமல் இரண்டாவது தடவையும் வாங்கித் தின்றேன்.

அக்கா கடியப்பட்டணத்துக்காரர். மீனில் பிறந்து மீனில் வளர்ந்தவர். ஆனால் சாளை என்ற பட்டம் ஊரால் வந்ததல்ல, தேங்காய் டீச்சரால் வந்தது. டீச்சர் பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். சுத்த சைவம். முட்டை விற்கும் கடைப் பக்கமாக நடந்தாலே குளித்துவிடுவார். கடை திறந்த புதிதில் அவர் வந்து, "முடிக்கு எந்த எண்ணெய் நல்லது?" என்று கேட்டிருக்கிறார்.

"சாளை" என்றாராம் அக்கா.

"சாளை எண்ணெயா? நாறாதா?"

"தேய்க்கதுக்கு ஆரு சொன்னா டீச்சர்? தின்னுங்க. முடிக்குத் தீனி வேரு வழியா போணும். மேல தேய்ச்சா தலையணைதான் குடிக்கும்."

டீச்சர் சிவசிவா என்று காதைப் பொத்திக்கொண்டு படியிறங்கிவிட்டார். பத்து நிமிடத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்து, "அப்போ சாளை தின்னாதவளுக்கு முடி வளராதா? எனக்கு அதுக்குப் பதில் சொல்லு" என்று சண்டைக்கு நின்றார். அக்கா அசரவில்லை. முருங்கைக்கீரைத் தொவரன், சிறுபயறு, எள்ளுருண்டை, உளுந்தங்கஞ்சி என்று அடுக்கினார். கீரையோடு ஒரு நெல்லிக்காயோ எலுமிச்சம்பழச் சாறோ சேர்த்துக்கொண்டால் கீரையில் உள்ள சத்து உடம்பில் நன்றாகச் சேரும் என்றார். கடைசியில் போட்டார் ஒரு போடு: "தின்ன உடனே சாயா குடிக்கப்பிடாது. குடிச்சா கீரை தின்னது பாழு. ஒரு மணிக்கூர் கழிச்சுக் குடிங்க." டீச்சர் சோற்றுக்கு முன்னும் சோற்றுக்குப் பின்னும் சாயா குடிப்பவர். இந்த அக்கிரமத்தை அவர் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்ததில்தான் சாளை அக்கா பிறந்தார். டீச்சரும் அடுத்த வாரமே வாடிக்கையானார்.

டீச்சருக்கு ஏன் தேங்காய் என்றால், அது அவர் முகம். அக்காவின் கணக்கில் உலகத்துப் பெண்கள் நாலே வகை. உருண்டை முகம் தேங்காய். நீள முகம் வெள்ளரிக்காய். நெற்றி அகன்று நாடி என்கிற முகவாய் ஒடுங்கினால் மாங்காய். எல்லாம் அளவாக அமைந்த முகம் சக்கைக்குரு, அதாவது பலாக்கொட்டை. சக்கைக்குருக்களை அக்காவுக்குப் பிடிக்காது. "அவளுக்கு மொட்டை அடிச்சாலும் கொள்ளாம். நமக்கு அங்க என்ன வேலை?" என்பார். தேங்காய்க்குக் கன்னத்தை ஒட்டி முடி இறங்க வேண்டும், உச்சியில் கொஞ்சம் உயரம் வேண்டும். வெள்ளரிக்காய்க்கு நெற்றியில் கொஞ்சம் முடி விழ வேண்டும், காதுப் பக்கம் அகலம் வேண்டும், உச்சியில் உயரம் கூடவே கூடாது. நான் மாங்காய். என் நெற்றியில் கிரிக்கெட் ஆடலாம். அக்கா என்னைப் பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. "ஏட்டி மாங்கா" என்றுதான் கூப்பிடுவார், அதுவும் தெருவுக்கே கேட்கும்படி.

கல்லூரிப் பெண்கள் போனில் நடிகை படத்தோடு வருவார்கள். அக்கா போனை வாங்கி, மேசையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிடுவார்.

"இவளுக்க நாடி வேற, உனக்க நாடி வேற. இவளை மாதிரி வெட்டணும்னா இவளைக் கூட்டிட்டு வா, வெட்டித் தாறேன்."

"ஆன்ட்டி, எனக்கு இதுதான் ஆசை."

"ஆசைக்கு வெட்டினா பத்து நாளு. முகத்துக்கு வெட்டினா ஆறு மாசம். எது வேணும்?"

பெண்கள் முகத்துக்குத்தான் வெட்டிக்கொண்டு போவார்கள். போகும்போது முறைத்துக்கொண்டு போவார்கள், மூன்றாம் நாள் தோழியை அழைத்துக்கொண்டு வருவார்கள்.

பெண்களுக்கு மட்டும் என்று பலகை இருந்தாலும் ஆண்களுக்கும் கவலை உண்டல்லவா? சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒருவர், மனைவியை உள்ளே அனுப்பிவிட்டு மாடிப்படியில் நின்று ஜன்னல் கம்பி வழியாகத் தலையை நீட்டினார். தலையில் முன்பக்கம் வெறும் தரை. பின்னாலிருந்து பத்துப் பன்னிரண்டு முடியை முன்னால் இழுத்துப் படிய வைத்திருந்தார்.

"அக்கா, அந்த ஊரு தண்ணிதான் எனக்க முடியைக் கொண்டு போச்சு."

"ராத்திரி என்ன தின்னுகே?"

"குப்பூஸ் ரொட்டி."

"கூட?"

"சாயா."

"எத்தனை வருஷமா?"

"நாலு."

"உனக்க அப்பனுக்கு முடி உண்டா?"

அவர் தலைகுனிந்தார். கேள்விக்கு அந்தத் தலையே பதில் சொன்னது.

"அப்பம் தண்ணியைக் குத்தம் பறையாண்டாம் மக்கா. முட்டையும் பயறும் தின்னு, உள்ளதாவது நிக்கும். போனது போச்சு. மறைக்க மறைக்கத்தான் வழுக்கை வெளிய தெரியும். ஒட்ட வெட்டிட்டு நிமிந்து நட, ஆம்பளை மாதிரி இருப்பே."

மனிதர் நேராகச் சலூனுக்குப் போய் ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து, அதே ஜன்னலில் நின்று காட்டினார். உள்ளே தலையில் சாயம் பூசி உட்கார்ந்திருந்த நாலு பெண்களும் கைதட்டினார்கள். அவர் மனைவி வெட்கத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்கு அக்கா செய்த வைத்தியம் இதுதான்: எண்ணெய்ப் பாட்டில்கள் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு, "போய் ரத்தம் பாரு" என்று விரட்டினார். பார்த்தேன். டாக்டர் என் சீட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மாத்திரை எழுதினார். மாத்திரையை டாக்டர் கொடுத்தார், சோற்றை அக்கா கொடுத்தார். தினமும் காலை எட்டரைக்கு நான் மாடியேற வேண்டும். கீரையும் பயறும் மீனும் இறங்கிய பிறகுதான் அலுவலகம். ஒருநாள் போகாவிட்டால் விடுதி வாசலில் வந்து நின்று, "ஏட்டி மாங்கா, ரஸ்க்கா தின்னுகே?" என்று கூவுவார். உடனே பலன் கேட்டு அழுத என்னிடம், "முடி என்ன கீரையா, நாலு நாளுல முளைக்க? ஆறு மாசம் பொறு" என்றார். ஆறாம் மாதம் ஓடை அடைப்பது நின்றது. வார்டனே காகிதத்தைக் கிழித்தார்.

அக்காவுக்கு இடுப்பு வரை முடி, அத்தனையும் கறுப்பு. ஆனால் அதைச் சுருட்டி ஒரு பென்சிலைச் செருகியிருப்பார், அவ்வளவுதான். ஒருநாள் நான், "ஊருக்கெல்லாம் பாக்குதீங்க, உங்க முகம் எந்தக் காய் அக்கா?" என்று கேட்டேன்.

"எனக்க முகத்தைப் பாக்க வேண்டிய ஆளு கடலுக்குப் போயிட்டு வரல்ல மக்கா. இனி பென்சில் போதும்."

அவர் சிரித்தார். எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

அதற்குப் பிறகுதான் நான் ஒன்றைக் கவனித்தேன். கல்யாணப் பெண்கள் அக்காவிடம் வருவார்கள். முகம் துடைக்க, முடியை ஒழுங்கு செய்ய, மூன்று மாதம் முன்பிருந்தே என்ன தின்ன வேண்டும் என்று கேட்க. எல்லாம் கல்யாணத்துக்கு முந்தின நாள் வரைதான். கல்யாணத்தன்று காலையில் பெண்ணின் தலையைக் கட்ட வேறு யாராவது வருவார்கள். அக்கா பெண்ணின் அம்மாவுக்குக் கட்டியிருக்கிறார், அக்கா தங்கைகளுக்குக் கட்டியிருக்கிறார், பூக்கூடை பிடிக்கும் குட்டிகளுக்குக் கட்டியிருக்கிறார். ஒரு கல்யாணப் பெண்ணுக்குக் கட்டியதில்லை.

"தாலி அறுத்த கையில்லியா? மணப்பொண்ணு தலையில மட்டும் படப்பிடாதாம். மத்த எந்தத் தலையிலயும் படலாமாம்" என்று வேடிக்கை போலச் சொன்னார். சொல்லிக்கொண்டே டீச்சரின் தலையில் சாயம் பூசினார். "ஒரே ஒரு பொண்ணுக்குக் கெட்டிப் பாத்திரணும் மக்கா. அது போதும் எனக்கு."

எனக்கு வந்ததே கோபம். "எனக்குக் கல்யாணம் நடந்தா நீங்கதான் கெட்டணும். வேற ஆரும் தொடப்பிடாது" என்றேன்.

"சும்மா பறயப்பிடாது பிள்ளே."

"சத்தியமா அக்கா."

அக்கா சாயப் பிரஷ்ஷை டீச்சர் நெற்றியிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். டீச்சர் ஒரு வாரம் கறுப்பு நெற்றியோடு கோயிலுக்குப் போனார்.

அடுத்த வருடமே கல்யாணம் நிச்சயமானது. அக்காவைக் கையில் பிடிக்க முடியவில்லை. சனிக்கிழமைதோறும் ஒத்திகை. விடுதி ஜன்னல் திரையைக் கழற்றிக்கொண்டு போய், சர்ச் கல்யாணத்தில் பெண் போடும் நெட்டுக்குப் பதிலாகத் தலையில் போட்டுப் பார்த்தோம். ஒன்பது விதமாகக் கட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்தார்: பக்க வகிடு, நெற்றியை மூடிக் கொஞ்சம் முடி, பிடரியில் தாழ்ந்த கொண்டை, கிரவுன் கிடையாது. "மாங்காய்க்கு மேல கிரீடமா? நெத்தி மட்டும்தான் கோயிலுக்கு வரும், நீ வரமாட்டே." கண்ணாடியில் பார்த்தேன். என் முகத்தை எனக்கே பிடித்தது அந்த ஒரு தடவைதான். முத்து வைத்த ஊசிகளைத் தேடிப் பிடித்து வாங்கி, ஒரு பிஸ்கட் டப்பாவில் பஞ்சு விரித்து அடுக்கிவைத்தார். கடைக் கதவில் ஒரு அட்டை தொங்கியது: 'வியாழக்கிழமை கல்யாண வேலை. கடை கிடையாது.' எந்த வியாழக்கிழமை என்று எழுத மறந்துவிட்டார். ஒரு மாதம் முன்பே தொங்கவிட்டதால் நாலு வியாழக்கிழமை ஒருவரும் வரவில்லை. அதைப் பற்றியும் அவருக்குக் கவலையில்லை. வந்தவர்களிடமெல்லாம் "எனக்க கல்யாணப் பொண்ணு" என்று என்னைக் காட்டினார்.

இனி நான் சொல்லப் போவதை எழுத எனக்குக் கை கூசுகிறது.

கல்யாணத்துக்கு ஐந்து நாள் இருக்கும்போது மாப்பிள்ளையின் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். பேச்சுவாக்கில், "தலை கெட்டுகது ஆரு?" என்றார். என் அம்மா சொன்னாள். மாமி யாரையோ விட்டு விசாரித்திருக்க வேண்டும், மறுநாளே போன் செய்தார்.

"எங்களுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது பிள்ளே. நாம வேதத்துல உள்ளவங்க. ஆனாலும்..."

அந்த 'ஆனாலும்' என்பதோடு நிறுத்திவிட்டார். மிச்சத்தை என் அம்மா முடித்தாள். "ஒரு நாளு தானே மக்கா. அவங்க மனசு கோணாண்டாம்." எனக்கு வாய் இல்லாமல் இல்லை. சாம்பாருக்காக வார்டனோடு ஒரு மணி நேரம் வாதாடியவள் நான். அலுவலகத்தில் மேனேஜரை எதிர்த்துப் பேசி நின்றவள். அன்றைக்கு 'முடியாது' என்ற ஒரு சொல் வரவில்லை. கல்யாணம் நின்றுவிடும் என்ற பயம்கூட இல்லை. சும்மா சோம்பல் போல ஒரு கோழைத்தனம், அவ்வளவுதான்.

அதைவிடக் கேவலம், அக்காவிடம் உண்மையைச் சொல்லவும் தைரியம் இல்லை. "மாப்பிள்ளைக்குச் சித்தி மகளு ஒருத்தி திருவனந்தபுரத்துல பார்லர் வச்சிருக்கா அக்கா. அவதான் கெட்டுவேன்னு ஒரே நிர்ப்பந்தம்" என்று புளுகினேன்.

அக்கா அடுப்பை அணைத்தார். என் முடியைப் பிடுங்கிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய தேவையும் இல்லை.

"அதுக்கென்ன மக்கா. அவ நல்லாக் கெட்டுவா. நெத்தியை மூடிக் கெட்டச் சொல்லு, மறக்காதே. வெறும் வயித்தோட கோயிலுக்குப் போகாதே, தலை சுத்தும்" என்றார். நான் "நீங்க கட்டாயம் வரணும்" என்றேன். "வராம பின்ன?" என்றார்.

மாமி காசு கொடுத்து அமர்த்திய திருவனந்தபுரத்துக்காரி வந்தாள், சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை. "ஹைட் வேணும் மோளே, ஹைட்" என்றாள். நெற்றியை மூடச் சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. சவுரி மேல் சவுரி வைத்து, அதன் மேல் ஒரு பந்தை வைத்து, ஸ்ப்ரே அடித்து, எல்லாவற்றுக்கும் மேலே கிரவுனை நட்டாள். ஆறு மாதம் தின்று வளர்த்த என் சொந்த முடி உள்ளே எங்கேயோ கிடந்தது. என் கணவர் என்னைவிட இரண்டு அங்குலம் உயரம். அன்று நான் அவரைவிட நாலு அங்குலம். என் நெற்றி வாசலிலிருந்தே பளபளத்தது. காலையில் எனக்கு ஒரு வாய் கொடுக்க ஒருவருக்கும் நினைவு வரவில்லை.

ஜெபத்துக்கு முழங்காலில் நின்றபோது என் தலைக் கோபுரம் அசைந்தது. போதகர் ஆசீர்வாதத்தை நீட்ட நீட்ட, அது பைய இடப் பக்கமாகச் சாய்ந்து என் காதில் வந்து உட்கார்ந்தது. "தலையைச் சாய்க்காதே" என்று என் கணவர் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நான் மனைவியான பிறகு அவர் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான். பாடகர் குழுவில் இருந்த பெண்கள் பாட்டுப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டார்கள்.

எழுந்து திரும்பியபோதுதான் அக்காவைப் பார்த்தேன். கடைசி வரிசையில் புதுச் சேலையில் உட்கார்ந்திருந்தார், மடியில் ஒரு டப்பா. அன்பளிப்பு என்றுதான் நினைத்தேன். என் தலையைப் பார்த்ததும் பாதி எழுந்துவிட்டார், டப்பாவின் மூடியில் கை போய்விட்டது. பிறகு முன்வரிசையில் இருந்த மாமியைப் பார்த்தார். மறுபடி உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, இங்க வாங்க" என்று ஒரு தடவை கூப்பிட்டிருந்தால் போதும். அத்தனை பேர் முன்னால் யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். நான் கூப்பிடவில்லை. மாமியின் தங்கை ஓடிவந்து நாலு ஊசியை என் மண்டையோட்டில் குத்தி நிமிர்த்தினார். பந்தியில் அக்காவைத் தேடினேன். அப்போதே பஸ் ஏறிவிட்டார் என்றாள் அம்மா. ஊரையே தின்ன வைத்தவர் என் கல்யாணத்தில் ஒரு பருக்கைகூடத் தின்னவில்லை.

கணவருக்குக் கோவையில் வேலை. போய்விட்டேன். ஊருக்கு வந்தபோதெல்லாம் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன். இரண்டரை வருடம் கழித்து, பிள்ளை பெற்று நாலாம் மாதம், முடி மறுபடி கொத்துக் கொத்தாகக் கொட்டியபோதுதான் எனக்கு வெட்கம் விட்டது. பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு மாடியேறினேன்.

"வா மாங்கா. பிள்ளைக்கு எத்தனை மாசம்?"

"நாலு."

"அப்பம் உதிரத்தான் செய்யும். பெத்த எல்லாருக்கும் உதிரும், தானா வரும், பயப்படாண்டாம். பால் குடுக்கவ நீ, ரெண்டு ஆளுக்குத் தின்னணும். முட்டை தீந்து போச்சு. இரி, இப்பம் வாறேன்."

கீழே இறங்கிப் போனார். டீச்சர் தலையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புதிதாக ஒரு கல்லூரிப் பெண். நான் கண்ணாடிக்கு மேலே பார்த்தேன். சட்டம் போட்டு மாட்டியிருந்தது என் கல்யாணப் படம். மைதான நெற்றி, இடப் பக்கம் சாய்ந்த கோபுரம், கிரவுன், எல்லாம் அப்படியே.

"உனக்க ஸ்டேட்டஸ்ல இருந்து எடுத்து, ஸ்டூடியோவுல குடுத்து பெருசாக்கி மாட்டியிருக்கா" என்றார் டீச்சர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீ மனசுல ஒண்ணும் வைக்காதே பிள்ளே. மொதல் மொதலா ஒரு பொண்ணுக்குக் கெட்டினா, இப்படிக் கெட்டிப்போட்டா. தெருவே சிரிச்சுது. நானே கேட்டேன், இம்புட்டு நாளு எங்களுக்குப் பாடம் எடுத்தியே, இதா நீ கெட்டின லட்சணம்னு. 'கை நடுங்கிப் போச்சு டீச்சர்'ன்னா. பாவம். அதுக்குப் பிறகு வேற ஒரு பொண்ணும் கேட்டு வரல்ல."

என் கல்யாண வியாழக்கிழமை காலையில் அக்கா கதவைப் பூட்டி, அட்டையைத் தொங்கவிட்டு, ஊசி டப்பாவோடு பஸ் ஏறியிருக்கிறார். தெரு வழியனுப்பியிருக்கிறது. சாயங்காலம் திரும்பி வந்து, 'கெட்டியாச்சா?' என்று கேட்ட எல்லாரிடமும் 'கெட்டியாச்சு' என்று சொல்லியிருக்கிறார்.

அக்கா முட்டையோடு மேலே வந்தார். நான் தொட்டிப் பக்கம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் படத்தைக் கழத்துங்க அக்கா. நீங்க கெட்டாததுக்கு நீங்க ஏன் பேச்சு வாங்கணும்? நான் அன்னைக்குக் கள்ளம் பறஞ்சேன். இப்பமே டீச்சர்ட்ட உள்ளதைச் சொல்லிருகேன்."

"பதுக்கப் பேசு, டீச்சருக்குக் கேக்கும்" என்றார் அக்கா. முட்டைகளை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போட்டார். "கள்ளம்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நீ சொல்லிப்போட்டா எனக்கு என்ன மிஞ்சும்? கொள்ளாத்த கொண்டையா இருந்தாலும் நான் கெட்டின கொண்டைன்னு ஒண்ணு இருக்கு. அதுவும் இல்லேன்னா எனக்கு ஒரு கல்யாணப் பொண்ணும் இல்லாம ஆயிரும் மக்கா."

எனக்கு அழுகை தாங்கவில்லை. அக்கா தன் சேலைத் தலைப்பால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "உப்பு விழுந்துரும், தள்ளி நில்லு" என்றார்.

அதனால்தான் அந்தத் தெருவின் பெயரையும் அக்காவின் சொந்தப் பெயரையும் நான் இங்கே எழுதவில்லை. தெரிந்தவர்கள் தெரிந்தது போலக் காட்டிக்கொள்ளாமல் இருந்துவிடுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். கல்லூரிப் பெண் படத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் கேட்டாள்: "ஆன்ட்டி, இந்த அக்காவுக்கு இதை ஆரு கெட்டினது?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எங்க அக்காதான் கெட்டினாங்க. வேற ஆரையும் நான் தொட விடல்ல."